உள்பக்கத் தாழ்ப்பாள்

காலை எட்டு மணி ஆனால் போதும், கடைத்தெருவில் எங்காவது ஒரு ஷட்டர் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கும். கடைக்காரர் இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார், காலால் ஓர் உதை விடுவார், அதற்கும் அசையாவிட்டால் ஷட்டர் அக்காவுக்குப் போன் போடுவார். அவள் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள்ளேயே பேச்சு வந்துவிடும்.

"உதைச்சீங்களா? உண்மையச் சொல்லுங்க. தடம் தெரியுது."

இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு இதுதான் தொழில். அண்ணனுக்கு ஏணி பிடிக்கப் போனபோது வயது பத்தொன்பது. அண்ணன் வேலை தேடி வெளிநாடு போய்விட, ஏணியும் கிரீஸ் டப்பாவும் பட்டறையும் அவள் தலையில் விழுந்தன. பெண்பிள்ளை ஏணி ஏறுவதா என்று ஆரம்பத்தில் முகம் சுளித்த கடைக்காரர்கள், கடை திறக்க முடியாமல் ஒரு மணி நேரம் தெருவில் நின்ற பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். ஷட்டரை ஒருமுறை இழுத்துவிட்டுச் சத்தத்தைக் கேட்டாலே ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, பட்டை வளைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள்.

அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பாள். ஒரு வாய் சமையலறையில், அடுத்த வாய் வாசலில். அவள் கணவர் இதற்கு நேர் எதிர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ரயில்வே கேட் மூடியிருந்தால் அது திறப்பதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடுவார். "எங்க அம்மாவுக்கு அப்பாவோட தூக்கத்துல பாதியக் குடுத்தா ரெண்டு பேரும் சரியாயிடுவாங்க" என்று பதின்மூன்று வயது மகள் சொல்லுவாள். வீட்டில் நான்காவது ஆள், பிரசவத்துக்காக வந்திருந்த கணவரின் தங்கை. ஏழு மாதம். அவளுடைய வீட்டுக்காரருக்கு இரண்டு நாள் பயணத் தொலைவில் சுரங்கத்தில் வேலை.

நிலநடுக்கம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. ஷட்டர் அக்கா மருந்துக்கடை வாசலில் ஏணி மேல் நின்றிருந்தாள். ஏணி ஆடியதும், "ஒழுங்காப் பிடிங்கண்ணே, விளையாடாதீங்க" என்று கீழே நின்ற கடைக்காரரைத்தான் திட்டினாள். அடுத்த நொடி எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடி இரண்டாம் மாடி மேல் உட்கார்வதைப் பார்த்தாள். எப்படி இறங்கினாள் என்று இன்று வரை அவளுக்குத் தெரியாது. இறங்கியபோது ஏணி அங்கே இல்லை.

வீட்டில் எல்லோரும் தப்பித்திருந்தார்கள். வீடுதான் தப்பவில்லை. நின்றுகொண்டிருந்தது, ஆனால் சுவர் கூரையிலிருந்து தரை வரை கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மறுநாள் பொறியாளர்கள் வந்து வாசல் கதவுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். உள்ளே யாரும் நுழையக் கூடாது. அந்தத் தெருவில் பத்தொன்பது வீட்டுக்கு அந்தக் குறி.

எல்லோரையும் பேருந்துப் பணிமனைக்குக் கொண்டுபோனார்கள். ஓடாத பேருந்துகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, டீசல் கறை படிந்த சிமென்ட் தரையில் இருநூறு கூடாரங்கள் அடித்திருந்தார்கள். இவர்களுக்கு நாற்பத்தேழாம் எண். பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு ஓடி வந்தவர்கள் என்பதால் இரண்டாம் நாளே ஒரு லாரி நிறையச் செருப்பு வந்தது. எல்லாம் ஒரே மாதிரி, வெள்ளை அடி, நீலப் பட்டை. "ராத்திரி எது யாரோடதுன்னு சண்டை வரப்போகுது" என்று அவள் கணவர் சிரித்தார்.

கழிப்பறைகள் எட்டு. பேருந்துகளைக் கழுவும் மேடைக்குப் பின்னால், கடைசியில் இருந்தன. நான்கு பெண்களுக்கு, நான்கு ஆண்களுக்கு, எதிரும் புதிருமாக, நடுவில் நாலு எட்டு வைக்கும் இடைவெளி. மெல்லிய பலகைக் கதவு. வெளியே ஒரு கம்பி வளையம், அதை மாட்ட ஓர் ஆணி. உள்ளே ஒன்றுமில்லை. உட்காருகிறவர்கள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஷட்டர் அக்கா பார்த்தாள்தான். ஆனால் நின்று பார்க்கவில்லை. முதல் எட்டு நாளும் அவள் முகாமிலேயே இல்லை. நசுங்கிய ஷட்டர்களுக்குப் பின்னால் அரிசியும் மருந்தும் மாட்டிக்கொண்டிருந்தன. மீட்பு ஆட்கள் வெட்டும் இயந்திரத்தை எடுப்பதற்குள், எந்த இடத்தில் பூட்டை நெம்பினால் முழுச் சட்டமும் கழன்று வரும் என்று அவளுக்குத் தெரியும். காலையில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவாள். கழிப்பறைக்குப் போனால் இடுப்பில் திருப்புளியைச் செருகிக்கொண்டு போவாள், ஒரு நிமிஷத்தில் வந்துவிடுவாள். மற்றவர்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் நாத்தனாருக்குக் காய்ச்சல். வெயில் ஏறிய கூடாரத்துக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பல் கிட்டிப்போய்ப் படுத்திருந்தாள். முதுகு வலி, அடிவயிற்றில் வலி. நல்ல வேளையாக அன்றைக்குத்தான் நர்ஸ் ஒருத்தி அந்த முகாமுக்கு முதல்முறையாக வந்தாள். ஒல்லியான உடம்பு, முதுகில் அவளைவிடக் கனமாக ஒரு பை. கூடாரம் கூடாரமாகப் புகுந்து, யார் கர்ப்பம், யாருக்கு மாதவிடாய்த் துணி வேண்டும், யாருடைய கருத்தடை மாத்திரை நின்றுபோயிருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கூடாரத்துப் பள்ளிச் சமையல்கார அம்மா அவளிடம் சத்தமாகவே சொன்னாள்: "இடிபாட்டுல என் மாத்திரை அட்டை போச்சு சிஸ்டர். என் வீட்டுக்காரர் மட்டும் பத்திரமா இருக்கார்." ஒன்பது நாளுக்குப் பிறகு அந்த வரிசையில் பெண்கள் சிரித்த முதல் சிரிப்பு அது.

நாற்பத்தேழுக்குள் நுழைந்ததும் நர்ஸ் நாத்தனாரின் கையைத் தொட்டுப் பார்த்தாள். சிறுநீர் சோதிக்கச் சின்னக் குப்பி ஒன்று கொடுத்தாள். ஷட்டர் அக்கா தாங்கிப் பிடித்து அழைத்துப் போய் வந்ததில் கால் குப்பிகூட நிறையவில்லை. வந்த கொஞ்சமும் பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறே?"

"குடிக்கிறேன் சிஸ்டர்."

"எவ்வளவு?"

நாத்தனார் கூடாரத்தின் கூரையைப் பார்த்தாள். பதில் சொன்னது மகள்தான். "காலைல ஒரு டம்ளர். நானும் அவ்வளவுதான். இங்க எல்லாரும் அவ்வளவுதான்."

"எல்லாரும்னா யாரு?" என்றாள் ஷட்டர் அக்கா.

"பொம்பளைங்க எல்லாரும். நாலு மணிக்கு மேல யாரும் எதுவும் குடிக்க மாட்டாங்கம்மா. உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. தண்ணீர் லாரி தினமும் வந்து போவதை அவள் பார்த்திருந்தாள். கூடாரத்து மூலையில் குடம் நிறைந்தே இருப்பதையும் பார்த்திருந்தாள். சிக்கனமான பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளக்கூடியதுதான், ஏழு நாள் விடாமல் போட வேண்டும் என்றாள். "சிறுநீர்த் தொற்று. அடக்கி அடக்கி வெச்சு வந்திருக்கு. இது மேல ஏறி சிறுநீரகத்துக்குப் போச்சுன்னா வலி நாளுக்கு முன்னாடியே வந்துடும். ஏழு மாசத்துக் குழந்தைய இந்தச் சிமென்ட் தரையில நான் எப்படிக் காப்பாத்துவேன்? மாத்திரை மட்டும் போதாது. தண்ணி குடிக்கணும். இந்தக் குடம் சாயந்திரத்துக்குள்ள பாதியாகணும்."

"குடிச்சா போகணுமே சிஸ்டர்" என்றாள் நாத்தனார், அழாத குறையாக.

வெளியே வந்ததும் நர்ஸ் ஷட்டர் அக்காவைத் தனியாக இழுத்தாள். "போறதுக்கு ஏன் பயப்படுறாங்கன்னு நான் கேட்டா சொல்ல மாட்டாங்க, நான் வெளி ஆளு. நீங்க கேளுங்க அக்கா. முக்கியமா உங்க பொண்ண."

நின்றிருந்த இரண்டு பேருந்துகளுக்கு நடுவே மகளை அழைத்துப் போய்க் கேட்டாள். மகள் பேருந்துச் சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே சொன்னாள். மூன்றாம் நாள், பொழுது சாயும் நேரம். வயசுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அன்றைக்கு அவளுக்குத் தீட்டு. துணி மாற்றப் போயிருந்தாள். மாற்றும்போது கதவைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? யாரோ கதவை வெளியிலிருந்து இழுத்தார்கள். போன் வெளிச்சம் முகத்தில் அடித்தது. அவள் இரண்டு கையாலும் கதவைத் திருப்பி இழுத்தாள், வெளியில் இருந்தவன் சிரித்துக்கொண்டே மறுபடி இழுத்தான். யாரோ இருமிக்கொண்டு வரும் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டுப் போனான். முகம் தெரியவில்லை. கதவுக்கு அடியில் கால் தெரிந்தது.

"என்ன தெரிஞ்சுது?"

"நீலப் பட்டைச் செருப்பு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"அத்தைகிட்ட. அப்பா காதுக்குப் போனா கொலை விழும், வாயத் திறக்காதேன்னாங்க. அப்புறம் அத்தையும் போறத நிறுத்திட்டாங்க."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ எங்க இருந்தே?"

அன்று மாலை முழுவதும் ஷட்டர் அக்கா தலை நிமிரவில்லை. முகாமைச் சுற்றிச் சுற்றி வந்தாள், கால்களையே பார்த்துக்கொண்டு. தண்ணீர் வரிசையில் நீலப் பட்டை. சீட்டாடுகிறவர்கள் கழற்றிப் போட்டிருந்த குவியலில் நீலப் பட்டை. ரொட்டி கொடுக்கும் மேசைக்கு அடியில், பொறுப்பாளரின் நாற்காலிக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் அதே செருப்பு. கூடாரத்துக்குத் திரும்பினால் கணவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் அவருடைய செருப்பு, அதுவும் நீலப் பட்டை. அவள் அதைக் காலால் தள்ளிவிட்டாள். பிறகு எடுத்து ஒழுங்காக வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் முகாம் பொறுப்பாளர் முன்னால் போய் நின்றாள். நல்ல மனிதர்தான். பத்து நாள் தாடி, கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. மேசையில் நாலு தாள் நீளத்துக்கு ஒரு பட்டியல்: கூடாரம், குடிநீர், அரிசி, பிளீச்சிங் பவுடர், போர்வை.

"தாழ்ப்பாளாம்மா? இந்தப் பட்டியல்ல அதுக்கு இடமே இல்லையே."

"இடம் நான் போட்டுத் தரேன் சார். பொம்பளைங்க தண்ணி குடிக்கிறதில்ல. ஒரு கர்ப்பிணி காய்ச்சல்ல கிடக்கா. ஒரு பொண்ணு உள்ள இருக்கும்போது எவனோ கதவ இழுத்திருக்கான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு?"

"தெரியாது."

"எந்தப் பொண்ணு? பேர் சொல்லுங்க, எழுத்துல புகார் குடுங்க. போலீசுக்கு அனுப்புறேன்."

"பேர் சொல்ல மாட்டேன்."

"பேர் இல்லாம எப்படிம்மா?"

"பேர்தான் வேணும்னா என் பேரப் போட்டுக்குங்க. நாற்பத்தொரு வயசுப் பொம்பள, கதவ இழுத்தான்னு எழுதுங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பொய்ப் புகார் எழுத முடியாது என்றார். அடுத்த லாரியில் தாழ்ப்பாள் கேட்டு எழுதுகிறேன், வர பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்றார். "இரும்புக்கடை ஒண்ணாவது நிக்குதா சொல்லுங்க, இப்பவே வாங்கியாரச் சொல்றேன்." அதுவும் உண்மைதான். இரும்புக்கடை மூன்றும் தரையோடு தரை. ஒரு கடையின் ஷட்டரை அவளே வெட்டித் திறந்து பார்த்திருந்தாள். ஷட்டருக்குப் பின்னால் கடை இல்லை.

பன்னிரண்டு நாள். நாத்தனாரால் அத்தனை நாள் அடக்கிக்கொண்டு கிடக்க முடியாது. ஷட்டர் அக்கா பையை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். கணவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சிவப்புக் குறி போட்ட வீட்டுக்குள்ள எதுக்குப் போறே? பைத்தியமா உனக்கு?"

"தாழ்ப்பாள் கழட்ட."

"தாழ்ப்பாளா? சுவரே கிடையாது, உனக்குத் தாழ்ப்பாள் கேக்குதா?"

அவள் உள்ளே போய்க் குளியலறைக் கதவின் முன் மண்டியிட்டாள். திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. கணவர் வாசற்படியில் நின்று திரும்பத் திரும்ப ஏன் ஏன் என்று கேட்டார். முதல் திருகாணி கழன்றபோது அவள் சொல்லத் தொடங்கினாள், முகத்தைத் திருப்பாமல். நாலாவது கழன்றபோது சொல்லி முடித்திருந்தாள்.

அவர் வெட்டுவேன் குத்துவேன் என்று கத்துவார் என எதிர்பார்த்தாள். அவரைத் தடுக்க எழுந்து ஓடத் தயாராக ஒரு காலை ஊன்றி வைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீலப் பட்டைன்னா சொன்னா?"

"ஆமா."

"ஒரு வாரமா என் கால பார்த்துட்டு உக்காந்திருக்காளா அவ?"

அவர் செருப்பைக் கழற்றிப் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். படுக்கையறைக் கதவு சாய்ந்து தாழ்ப்பாளை இறுக்கிக்கொண்டிருந்தது. தோளைக் கொடுத்து அதைத் தூக்கிப் பிடித்தார். அவள் கழற்றினாள். அப்போதுதான் தரை மறுபடி ஆடியது. சின்ன ஆட்டம்தான். பிளவிலிருந்து மண் சொரசொரவென்று கொட்டியது, சமையலறையில் ஒரு பாத்திரம் உருண்டது. "விட்டுட்டு ஓடுங்க!" என்று கத்தினாள். "ஒரு திருகாணிதானே பாக்கி, கழட்டு" என்றார் அவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு. கழற்றினாள். இரண்டு பேரும் வெளியே வந்து தெருவில் உட்கார்ந்தார்கள். அவள் நடுத்தெருவில் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. பையில் மூன்று தாழ்ப்பாள். முகாமுக்குத் திரும்பும்போது அவர் வெறுங்காலோடுதான் நடந்தார். அதற்குப் பிறகு முகாமில் இருந்தவரை அவர் செருப்பே போடவில்லை.

மூன்று போதாது. ஒரு கதவுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் மெல்லிய பலகை வளைந்துகொடுத்து இடைவெளி விடும். சமையல்கார அம்மாவிடம் மட்டும் காதோடு விஷயத்தைச் சொன்னாள், மகள் என்று சொல்லாமல். அரை மணி நேரத்தில் அந்த வரிசைப் பெண்கள் எல்லோரும் அவரவர் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். சிலருக்கு வீடே இல்லை, சாவி மட்டும் இருந்தது, அதையும் நீட்டினார்கள்.

"என் வீட்டு பாத்ரூம் தாழ்ப்பாள் பித்தளை" என்றாள் சமையல்கார அம்மா. "ரெண்டாவது கதவுல போடு. நான் ரெண்டாவதுலதான் போவேன்."

பொறியாளர்கள் பச்சையிலோ மஞ்சளிலோ குறி போட்ட, ஆபத்துக் குறைவான வீடுகளாகப் பார்த்து நுழைந்தாள். தெருமுனையில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒன்பது தாழ்ப்பாள், ஒரு பிடி திருகாணி.

"காலி வீட்டுல திருடுறியா?"

"திருட வர்றவ சாவிக் கொத்தோட வருவாளா சார்?" என்று பதினான்கு சாவியையும் அவர் முகத்துக்கு நேராக ஆட்டினாள். "இது கழிப்பறைக் கதவுக்கு. உங்க வீட்டுப் பொம்பளைங்க எந்த முகாம்ல இருக்காங்க?"

அவர் ஒரு முகாமின் பேரைச் சொன்னார். "அங்கயும் கதவு இப்படித்தான் இருக்கும்" என்று பையைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலைக்குள் நாலு கதவுக்கும் வேலை முடிந்தது. மெல்லிய பலகையில் திருகாணி நிற்காது. ஓர் உலுக்கு உலுக்கினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் பட்டறை இடிபாட்டிலிருந்து பழைய ஷட்டர் பட்டைகளை வெட்டிக் கொண்டுவந்து, கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு பட்டை, உள்பக்கம் தாழ்ப்பாள், நடுவில் ஊடுருவிப் போகும் போல்ட் என்று முடுக்கினாள். மின்சாரம் இல்லை. கையால் சுற்றும் டிரில்லில் முப்பத்தாறு ஓட்டை. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. எதிர்வரிசையிலிருந்து வேடிக்கை பார்த்த ஒருவர், "என்னம்மா, கஜானாவா கட்டுறே?" என்றார். "ஆமா, உங்களுக்குப் பங்கு கிடையாது" என்றாள் அவள், டிரில்லை நிறுத்தாமலே. கணவர் வேன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து, கழுவும் மேடைக்கு மேலே ஒரு ஹெட்லைட்டைக் கட்டினார். யாரிடமும் எதற்கு என்று சொல்லவில்லை.

முதல் ஆளாகச் சமையல்கார அம்மாதான் போனாள். உள்ளே தாழ்ப்பாள் சரக்கென்று விழுந்தது. வெகு நேரம் வெளியே வரவில்லை. "என்னாச்சு?" என்று வெளியே வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். "ஒண்ணும் ஆகல. பத்து நாளைக்கப்புறம் நிம்மதியா உக்காந்திருக்கேன், விடுங்கடி" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

நாத்தனாருக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. ஆனால் அன்று இரவே வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே போட்டிருந்த கூடார மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வலியை நிறுத்த ஊசி போட்டார்கள். நின்றது. நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தாள், வயிற்றில் குழந்தையோடு. நர்ஸ் அவளைப் பார்த்து, "இன்னும் அஞ்சு வாரமாவது தாங்கு, உனக்குக் கோடி புண்ணியம்" என்றாள்.

ஷட்டர் அக்காவுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. வேலை முடிந்துவிட்டது, ஆனால் அவன் இங்கேதான் இருக்கிறான். ரொட்டி வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்கிறவனாக இருக்கலாம். நேற்று அவள் ஏணியைத் தூக்க ஒரு கை கொடுத்தவனாக இருக்கலாம். யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை. மகள் கூடாரத்தை விட்டுக் கிளம்பினால் இவளும் எழுந்துவிடுவாள். "அம்மா, ரொட்டி வாங்கத்தான் போறேன்." "போ, நானும் வரேன்." "தண்ணி பிடிக்கத்தான் போறேன்." "நானும் வரேன்." முன்பு இருக்கவே இல்லாத அம்மா இப்போது விடவே மாட்டேன் என்கிறாளே என்று மகளுக்குச் சலிப்பு தட்டியது.

பதினெட்டாம் நாள், மழை மேகம் கவிந்து ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்ட ஒரு மாலை. ஹெட்லைட்டை இன்னும் போட்டிருக்கவில்லை. இரண்டாவது கதவுக்குள் சமையல்கார அம்மா. யாரோ கதவை இழுத்தார்கள். தாழ்ப்பாள் இரண்டும் அசையவில்லை. மறுபடி இழுத்தார்கள், இம்முறை பலமாக. அவ்வளவுதான், உள்ளேயிருந்து அவள் தொண்டையைத் திறந்தாள். நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்து, நானூறு பேரையும் வரிசையில் நிறுத்திய குரல் அது. அவனுடைய அப்பனில் ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டுத் துவைத்தாள். எழுந்திருக்கவும் இல்லை, கதவைத் திறக்கவும் இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே. ஷட்டர் அக்கா கையில் கிடைத்த குழாயோடு ஓடினாள். எங்கெங்கோ இருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். முப்பது பேராவது இருக்கும். கழுவும் மேடைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் ஓடுவதைப் பார்த்தார்கள், கூடாரங்களுக்கு நடுவே புகுந்து மறைந்ததையும் பார்த்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த முப்பது பேரும் ஈரத் தலையோடு நேராகப் பொறுப்பாளரின் மேசைக்குப் போய் நின்றார்கள். "பேர் வேணும்னு கேட்டீங்களே சார்" என்றாள் ஷட்டர் அக்கா. "எழுதிக்குங்க. முப்பது பேர் இருக்கு."

சமையல்கார அம்மாவின் பேர் முதலில். எந்தச் சின்னப் பெண்ணின் பேரும் அந்தத் தாளில் ஏறவில்லை. பொறுப்பாளர் எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மறுநாளே ஆண்களின் கழிப்பறைகளைப் பிரித்துப் பணிமனையின் எதிர்க்கோடிக்கு, வாசல் பக்கம், கொண்டுபோனார்கள். சீட்டாட்டக்காரர்கள் தூரம் என்று முணுமுணுத்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்குப் போடவும், இரண்டு இரண்டு பெண்களாக மாறி மாறி மேடைக்குப் பக்கத்தில் உட்காரவும் ஏற்பாடானது. போலீஸ் வந்து விசாரித்தது. நாலு பேரைக் கூப்பிட்டுப் போய் நாலு பேரையும் அனுப்பிவிட்டது. அவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு யாரும் கதவை இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

நாத்தனாருக்கு ஆறாவது வாரம் பெண் குழந்தை பிறந்தது, அதே கூடார மருத்துவமனையில். கொஞ்சம் எடை குறைவு, மற்றபடி குறையில்லை. சுரங்கத்தில் லீவு கிடைத்து அவளுடைய வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது குழந்தைக்குப் பத்து நாள். யாரைப் பார்த்து அழுவது என்று தெரியாமல், தூங்கிக்கொண்டிருந்த மச்சானை எழுப்பிக் கட்டிக்கொண்டு அழுதார்.

நர்ஸ் ஷட்டர் அக்காவை விடவில்லை. தான் போகும் ஒவ்வொரு முகாமிலும் கதவுகளைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவாள்: ஒன்றில் கழிப்பறை வேலிக்கு வெளியே, ஒன்றில் வாசலில் வெறும் சாக்குப்படுதா. பொறுப்பாளரின் பட்டியலில் இப்போது ஐந்தாவது வரியாகத் தாழ்ப்பாள் ஏறியிருந்தது; லாரியில் ஒரு பெட்டி வந்தது, ஆனால் மாட்ட ஆள் இல்லை. போலீஸ்காரர் சொன்ன முகாமுக்குத்தான் ஷட்டர் அக்கா முதலில் போனாள். அடுத்து இன்னொன்று. ஐந்தாவது முகாமுக்குக் கிளம்பிய அன்று, "நானும் வரேன்" என்று மகள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள், பெட்டியை மடியில் வைத்தபடி.

இடிபாடுகளை ஒதுக்கிப் பாதையாக்கியிருந்த சாலை. இரண்டு பக்கமும் செங்கல் மேடு. பாதி தூரம் போன பிறகு மகள் கேட்டாள்.

"அம்மா, அவன் யாருன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவே?"

ஷட்டர் அக்காவுக்கு ஒரு மாதமாகத் தூக்கத்தில் வருகிற கேள்வி அது. ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு பதில் சொல்லியிருந்தாள், ஒன்றையும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"தெரியலடி."

"நான் பார்த்தா அவன அடையாளம் சொல்ல முடியாதும்மா. சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கு. சிரிச்சான்ல, அது."

அம்மா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிரே ஒரு லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஓரம் ஒதுங்கி நின்று அதற்கு வழி விட்டாள்.

"எனக்கு அந்த டிரில்ல சுத்தத் தரியா, அங்க போனதும்?" என்றாள் மகள்.

"கை கொப்பளிச்சுடும்."

"பரவால்ல."

"துணி சுத்திக்கணும் முதல்ல. நேரா பிடிக்கணும், சாய்ச்சா டிரில் பிட்டு ஒடிஞ்சிடும். அதுக்கு மாத்து இல்ல எங்கிட்ட."

லாரி போய்விட்டது. தூசி அடங்கும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, மகளையும் மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பினாள்.